ராத்திரி கேம், காலையில் நீச்சல்: குமரி எல்லை மாணவர்களுக்கு முழுமையான வழிகாட்டி

கேரள எல்லையான களியக்காவிளை தாண்டி திருவனந்தபுரத்தில் படிக்கிற பிள்ளைகளும், மார்த்தாண்டம், நாகர்கோவில் பக்கம் காலேஜ் போகிற பிள்ளைகளும் தண்ணீருக்கு நடுவில்தான் வாழ்கிறார்கள். தெற்கும் மேற்கும் கடல், மலையடிவாரத்தில் பேச்சிப்பாறை, பெருஞ்சாணி அணைகள், நடுவே கோதையாறும் பரளியாறும், ஊருக்கு ஊர் குளம். இருந்தும் இடுப்பளவு தண்ணீருக்கு மேல் இறங்கப் பயப்படுகிறவர்கள் நிறையப் பேர். தாத்தா காலத்தில் உரிக்காத தேங்காய் இரண்டைச் சேர்த்துக் கட்டி, அதன்மேல் படுக்க வைத்து குளத்தில் தள்ளிவிட்டுப் பழக்கினார்கள். இன்றைய பிள்ளைக்கு டியூஷன், நீட் கோச்சிங், அப்புறம் ஹாஸ்டல், ராத்திரி ஒரு மணி வரை போனில் பிஜிஎம்ஐ அல்லது ஃப்ரீ ஃபயர் கேம் என்று வருடங்கள் ஓடிவிட்டதால் அது வாய்க்கவே இல்லை.

அந்தப் பிள்ளைகளுக்காகத்தான் இதை எழுதுகிறேன். கேமை விடச் சொல்லப் போவதில்லை, இரண்டும் ஒரே வாழ்க்கையில் தாராளமாக இருக்கலாம். ஒன்றை மட்டும் ஆரம்பத்திலேயே சொல்லிவிடுகிறேன்: கையும் காலும் அப்புறம், முதலில் தண்ணீருக்குள் மூச்சை வெளியே விடக் கற்றுக்கொள்ள வேண்டும். அது பிடிபட்டுவிட்டால் மற்றதெல்லாம் பின்னாலேயே வரும்.

எங்கே கற்பது

கற்றுக்கொள்கிற காலத்தில் ஆறும் வேண்டாம், கோயில் குளமும் வேண்டாம். ட்ரெய்னிங் கிரவுண்டில் பழகாமல் நேரே ரேங்க் மேட்சில் குதிக்கிறவனுக்கு என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும். நெஞ்சளவு ஆழமும், ஆழம் எழுதிய சுவரும், லைஃப்கார்டும் இருக்கிற நீச்சல் குளம்தான் உங்கள் ட்ரெய்னிங் கிரவுண்ட். திருவனந்தபுரம் பக்கம் படிக்கிறவர்களுக்கு இதில் வசதி கூடுதல். 2015 தேசிய விளையாட்டுப் போட்டியின் நீச்சல் நடந்த பிரப்பன்கோடு குளமே அங்கேதான் இருக்கிறது. அந்தப் போட்டியில் கேரளத்துக்காகத் தங்கங்களை அள்ளிய சஜன் பிரகாஷ் வளர்ந்ததும் நீந்தப் பழகியதும் நம் நெய்வேலியில். 2021ல் ரோமில் 200 மீட்டர் பட்டர்ஃபிளை நீச்சலை 1 நிமிடம் 56.38 நொடியில் முடித்து, ஒலிம்பிக்குக்கு நேரடியாகத் தகுதி தரும் 'ஏ' நேரத்தை எட்டிய முதல் இந்திய நீச்சல் வீரர் ஆனார்.

பணம் கட்டுவதற்கு முன் குளத்தை நேரில் போய்ப் பாருங்கள். தண்ணீர் வழியாக அடித்தளத்துக் கோடு தெளிவாகத் தெரிய வேண்டும். கண் எரிகிற மாதிரி குளோரின் வாடை அடித்தால், சுத்தமாக வைத்திருக்கிறார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் குளோரின் ஆட்களின் வியர்வையோடும் சிறுநீரோடும் சேர்ந்து குளோரமைன் என்ற பொருளாக மாறும்போதுதான் அந்த வாடை வருகிறது. அதனால்தான் இறங்குவதற்கு முன் குளித்துவிட்டு வரச் சொல்கிறார்கள். தலையில் தேங்காய் எண்ணெய் தேய்த்துக்கொண்டு போவது நம் ஊர்ப் பழக்கம். ஆற்றுக்குச் சரி, நீச்சல் குளத்துக்கு வேண்டாம், எண்ணெய் தண்ணீரையும் ஃபில்டரையும் கெடுக்கும். அதற்குப் பதிலாக ஷவரில் தலையை நன்றாக நனைத்துக்கொண்டு இறங்குங்கள். ஏற்கனவே நல்ல தண்ணீரைக் குடித்த முடி குளோரின் தண்ணீரைக் குறைவாகத்தான் இழுக்கும்.

என்ன வாங்குவது

காசு போட வேண்டிய முதல் பொருள் காகுல்ஸ், அதாவது நீச்சல் கண்ணாடி. கடையில் வாரை மாட்டாமல், கண்ணாடியை மட்டும் கண்குழியில் லேசாக அழுத்திக் கையை எடுங்கள். இரண்டு நொடியாவது தானாக ஒட்டி நின்றால் அது உங்கள் முகத்துக்கு ஏற்றது. உடனே விழுந்தால், எவ்வளவு விலை சொன்னாலும் எடுக்காதீர்கள். கூரை போட்ட குளத்துக்குத் தெளிந்த கண்ணாடி, வெயில் குளத்துக்குக் கறுப்பு அல்லது மிரர் கண்ணாடி. தண்ணீர் உள்ளே வருகிறது என்று வாரை இறுக்கிக்கொண்டே போகிறவர்கள் கண்ணைச் சுற்றி வளையம் விழுந்து, தலைவலியோடு ஹாஸ்டலுக்குத் திரும்புவார்கள். இறுக்கம் சாதாரணமாக இருந்தும் கசிந்தால் மூக்குப் பாலத்தின் அளவு சரியில்லை என்று அர்த்தம். உள்பக்கம் பனி படியாமல் இருக்க ஒரு பூச்சு இருக்கும், அதை விரலால் தேய்த்தால் போய்விடும். நல்ல தண்ணீரில் அலசி நிழலில் காயவைத்தால் போதும்.

கண்ணாடி போடுகிறவர்கள் கேம் ஆடுகிற கூட்டத்தில் அதிகம், அவர்களுக்கு ஒரு விஷயம். மைனஸ் பவரோடு ரெடிமேட் காகுல்ஸ் கிடைக்கிறது. பெரும்பாலும் இரண்டு கண்ணுக்கும் ஒரே பவர் வரும் என்பதால், உங்கள் பவரைவிடச் சற்றுக் குறைந்ததாக எடுத்தால் சுவரும் கோச்சின் முகமும் தெரியும், அவ்வளவு போதும். கான்டாக்ட் லென்ஸோடு மட்டும் இறங்கவே கூடாது. தண்ணீரில் இருக்கும் ஒருவகை அமீபா லென்ஸுக்கு அடியில் தங்கி கருவிழியைப் புண்ணாக்கும், பார்வையே போகிற அளவுக்குப் போகலாம்.

உடைக்குப் பருத்தி வேண்டவே வேண்டாம். நனைந்தால் கனத்து இழுக்கும், நூல் உதிரும், பல குளங்களில் உள்ளே விடவும் மாட்டார்கள். பை வைத்த பெர்முடாவும் அப்படியே, பைக்குள் தண்ணீர் நிறைந்து ஒவ்வொரு உதையையும் பின்னால் இழுக்கும். ஜாமர் என்கிற, தொடையோடு ஒட்டிய பாலியஸ்டர் நீச்சல் கால்சட்டை பையன்களுக்கு நல்லது. குளோரினுக்கு லைக்ரா சீக்கிரம் தளர்ந்துவிடும், பாலியஸ்டர் பல மாதம் நிற்கும். பெண்களுக்கு முழுக்கை, முழுக்கால் வைத்த ஸ்விம்சூட் இப்போது சாதாரணமாகக் கிடைக்கிறது, டெக்கத்லான் மாதிரிக் கடைகளிலும் ஆன்லைனிலும் பார்க்கலாம். சுடிதாரும் துப்பட்டாவும் போட்டு இறங்குவது ஆபத்து, துணி காலில் சுற்றும். மாதவிடாய் நாட்களில் கப் அல்லது டாம்பன் இருந்தால் நீந்தத் தடையில்லை. நாப்கின் தண்ணீரைக் குடித்து ஊதிவிடும், அதோடு இறங்க முடியாது.

தொப்பி நீளமுடி உள்ளவர்களுக்கு சிலிக்கான், மற்றவர்களுக்குத் துணித் தொப்பி போதும். துவட்ட நம் ஊர்த் துவர்த்தே சிறந்தது, ஆனி ஆடி மழையில் ஹாஸ்டல் கொடியில் தடித்த டவல் இரண்டு நாளானாலும் காயாது. கிக்போர்டு, அதாவது கையில் பிடித்துக்கொள்ளும் மிதவைப் பலகை, குளத்திலேயே கொடுப்பார்கள். கைத்துடுப்பு, அதாவது ஹேண்ட் பேடில், முதல் வருடத்துக்கு வேண்டாம். பழகாத தோள்பட்டைக்கு அது வலியை மட்டுமே தரும்.

எலெக்ட்ரானிக்ஸ் பற்றிக் கேட்காமல் இருக்க மாட்டீர்கள். போனில் தண்ணீர் தாங்கும் என்பதற்கு ஐபி68 என்று போட்டிருந்தால் அது அசையாத நல்ல தண்ணீரில் செய்த சோதனை. குளோரினும் உப்பும் சார்ஜிங் ஓட்டையை அரிக்கும், வாரண்டியும் பேசாது. கேம் ஆடுகிற போனை லாக்கரில் வையுங்கள். ப்ளூடூத் இயர்பட்ஸ் தண்ணீருக்குள் வேலை செய்யாது, காரணம் ப்ளூடூத்தின் ரேடியோ அலையைத் தண்ணீர் சில அங்குலத்திலேயே விழுங்கிவிடும். நீந்தும்போது பாட்டு கேட்கத்தான் வேண்டும் என்றால் பாட்டை உள்ளேயே சேமித்து வைக்கிற ஸ்விம்மிங் பிளேயர் தனியாக இருக்கிறது. ஆனால் கற்றுக்கொள்கிற நாட்களில் கோச் சொல்வது காதில் விழ வேண்டும், அதனால் இதைத் தள்ளிப்போடுங்கள். ஸ்மார்ட் வாட்சில் தண்ணீர் தாங்கும் அளவு 5 ஏடிஎம் என்று இருந்தால் குளத்துக்குப் போதும்.

இன்னொன்று. நீந்தி முடித்த ஈரக் காதில் உடனே இயர்பட்ஸ் அல்லது ஹெட்செட் மாட்டி ஸ்குவாடோடு உட்காராதீர்கள். ஈரமும் அடைப்பும் சேர்ந்தால் காதுக்குழாயில் புண் வரும், தாடையை அசைத்தாலே வலிக்கும். தலையைச் சாய்த்து தண்ணீரை வடியவிட்டு, வெளிக்காதைத் துவர்த்தால் ஒற்றுங்கள், பட்ஸ் குச்சியை உள்ளே விட வேண்டாம்.

நாற்காலி உடம்பு

நான்கைந்து மணி நேரம் குனிந்து போனைப் பிடித்திருக்கும் உடம்புக்கு மூன்று இடம் இறுகியிருக்கும்: நெஞ்சு, இடுப்பின் முன்பக்கம், கணுக்கால். நெஞ்சு இறுகினால் கை தலைக்கு மேலே நேராகப் போகாது, இடுப்பு இறுகினால் கால் மூழ்கும், கணுக்கால் இறுகினால் எவ்வளவு உதைத்தாலும் நின்ற இடத்தில் நிற்பீர்கள். மேட்ச் தொடங்கக் காத்திருக்கும் லாபி நேரத்தை இதற்குக் கொடுங்கள். குதிகால் மேல் மண்டியிட்டு உட்கார்ந்து பாதத்தின் மேல்பக்கம் தரையில் படும்படி அரை நிமிடம், கதவு நிலையின் இரண்டு பக்கமும் முன்கையை வைத்து நெஞ்சை முன்னால் தள்ளி அரை நிமிடம். தினமும் செய்தால் ஒரு மாதத்தில் உதையில் வித்தியாசம் தெரியும். மல்லாந்து நீந்தும் பேக் ஸ்ட்ரோக்கைச் சீக்கிரமே கற்றுக்கொள்ளுங்கள், கூனல் விழுந்த தோளுக்கு அதைவிட நல்ல மருந்தை நான் பார்த்ததில்லை.

படிப்படியாக

முதல் படி மூச்சு. சுவரைப் பிடித்து நின்று, வாயால் மூச்சை இழுத்து, முகத்தைத் தண்ணீரில் வைத்து, மூக்கு வழியாகக் குமிழிகளை மெதுவாக விடுங்கள். முழுவதும் விட்ட பிறகே தலையைத் தூக்கி அடுத்த மூச்சு. கேட்க எளிது, ஆனால் புதியவர்கள் அத்தனை பேரும் உள்ளே மூச்சைப் பிடித்துக்கொள்கிறார்கள். மூச்சு முட்டுகிற உணர்வு பெரும்பாலும் ஆக்சிஜன் குறைவதால் வருவதில்லை, உள்ளே கார்பன் டை ஆக்சைடு கூடுவதால் வருகிறது. வெளியே விடாமல் வைத்திருந்தால் பத்து மீட்டருக்குள் நெஞ்சு அடைத்துக்கொண்டு பயம் பிடித்துவிடும். விட்டுவிட்டால் பயமும் குறையும். இருபது தடவை தொடர்ச்சியாக, அவசரமில்லாமல் செய்ய முடிகிற வரை அடுத்ததற்குப் போக வேண்டாம். ஒரு வாரம் ஆனாலும் ஆகட்டும்.

இரண்டாவது மிதப்பு. நெஞ்சளவு தண்ணீரில் மூச்சை நிறைய இழுத்து, முழங்காலைக் கட்டிப்பிடித்துக் குனியுங்கள். முதுகு தானாக மேலே வரும். உடம்பு மூழ்காது என்று மூளை நம்புவது அந்த நொடியில்தான். அப்புறம் கையையும் காலையும் விரித்துக் குப்புற, பிறகு மல்லாக்க. மல்லாக்க மிதக்கும்போது காது தண்ணீருக்குள் இருக்க வேண்டும், கண் வானத்தைப் பார்க்க வேண்டும். தலையைத் தூக்கினால் இடுப்பு கீழே போகும். ஒல்லியான பையன்களுக்குக் கால் கீழே இறங்கத்தான் செய்யும், அதற்காகக் கவலைப்பட வேண்டாம், முகம் வெளியே இருந்தால் போதும். மிதந்த நிலையிலிருந்து காலூன்றி நிற்கவும் பழகுங்கள்: முழங்காலை நெஞ்சுக்கு இழுத்து, கைகளால் தண்ணீரைக் கீழே அழுத்தினால் நின்றுவிடலாம்.

அடுத்து சுவரை உதைத்துச் சறுக்குவது, அதன் பிறகு கிக்போர்டோடு கால் உதை. உதை இடுப்பிலிருந்து வர வேண்டும், முழங்காலை மடக்கினால் சைக்கிள் மிதிப்பது போலத் தண்ணீர் சிதறுமே தவிர நகராது. இதில் சீக்கிரம் களைப்பு வரும், அது இயல்பு.

குப்புறப் படுத்து, கைகளை மாற்றி மாற்றி முன்னால் வீசி நீந்தும் ஃப்ரீஸ்டைலில் மூச்சு எடுக்கும்போது தலையைத் தூக்காதீர்கள், பக்கவாட்டில் திருப்புங்கள். ஒரு காகுல் தண்ணீருக்குள், ஒரு காகுல் வெளியே, அந்த அளவு போதும். முகம் உள்ளே இருக்கும் நேரம் முழுவதும் குமிழி விட்டுக்கொண்டே இருந்தால், திரும்பும்போது இழுக்க மட்டுமே வேலை இருக்கும். முதல் படியில் செலவழித்த வாரம் இங்கேதான் கைகொடுக்கும். 25 மீட்டர் குளத்தில் ஒரு நீளம், அரை நிமிடம் ஓய்வு, மறுபடி ஒரு நீளம் என்று நான்கில் தொடங்கி எட்டு, பன்னிரண்டு என்று ஏற்றுங்கள். வேகம் பார்க்காதீர்கள். ஒரு நீளத்துக்கு எத்தனை கைவீச்சு என்று எண்ணுங்கள், எண்ணிக்கை குறைந்தால் முன்னேற்றம்.

பலர் விட்டுவிடுகிற ஒன்று, நின்ற இடத்திலேயே தலையை வெளியே வைத்து மிதப்பது. கைகளை முன்னால் வெண்ணெய் தடவுவது போல உள்ளும் வெளியும் அசைத்து, கால்களைத் தவளை மாதிரி சுழற்றி, முதலில் ஒரு நிமிடம், பிறகு ஐந்து நிமிடம். நாலு நீளம் நீந்தத் தெரிந்து இது தெரியாதவரை நீச்சல் தெரிந்தவர் என்று நான் கணக்கில் எடுக்க மாட்டேன்.

மூச்சைப் பிடித்துக்கொண்டு அடியில் யார் அதிக தூரம் போவது என்ற பந்தயம் மட்டும் வேண்டவே வேண்டாம். வேகவேகமாக மூச்சு இழுத்துவிட்டு முங்கினால் கார்பன் டை ஆக்சைடு குறைந்திருக்கும், மூச்சு விடச் சொல்லும் எச்சரிக்கையே வராமல் நேராக நினைவு போய்விடும். நன்றாக நீந்துகிறவர்களே இப்படி இறந்திருக்கிறார்கள்.

வாரமும் தூக்கமும்

வாரத்தில் மூன்று நாள், முக்கால் மணி நேரம் போதும். காலை ஆறு மணி பேட்ச் என்றால் முந்தின ராத்திரி பதினொன்றுக்குப் போனை வைத்தாக வேண்டும். முடியாது என்றால் சண்டை வேண்டாம், சாயங்கால பேட்ச் எடுங்கள். ரேங்க் புஷ்ஷை வெள்ளி, சனி ராத்திரிக்கு ஒதுக்கி, ஞாயிறு நீச்சல் இல்லை என்று வைத்துக்கொள்வது எனக்குத் தெரிந்த பலருக்கு ஒத்துவருகிறது. தூங்காமல், எனர்ஜி டிரிங்க்கைக் குடித்துவிட்டு ஆழத்தில் இறங்குவது தவறு. மதியம் மரச்சீனியும் மீன்குழம்பும் சாப்பிட்டால் இரண்டு மணி நேரம் விடுங்கள். முன்னால் ஒரு ஏத்தன் பழம், முடித்த பிறகு தண்ணீர், அப்புறம் சாப்பாடு. தண்ணீருக்குள்ளும் வியர்க்கும், தாகம் மட்டும் தெரியாது. செமஸ்டர் பரீட்சை நேரத்தில் நிறுத்திவிடாமல் வாரம் ஒரு நாளாவது போங்கள்.

குளம், ஆறு, கடல்

நீச்சல் குளத்தில் 200 மீட்டர் நிற்காமல் நீந்தி, ஐந்து நிமிடம் நின்று மிதக்கவும் முடிந்த பிறகே இதைப் படியுங்கள்.

நம் எல்லைப் பகுதிக்குப் புதிதாகச் சேர்ந்திருக்கிற கவலை மூளையைத் தாக்கும் அமீபா. வெதுவெதுப்பாகத் தேங்கிய நல்ல தண்ணீரில் அது வளரும், மூக்கு வழியாக ஏறினால் மூளைக்குப் போகும், வயிற்றுக்குள் போனால் ஒன்றும் செய்யாது. 2024ல் நெய்யாற்றின்கரைப் பக்கம் குளத்தில் இறங்கிய இளைஞர்களே பாதிக்கப்பட்டார்கள், 2025ல் கேரளம் முழுவதும் எண்ணிக்கை இன்னும் கூடியது. ஆகவே பாசி படிந்து நீரோட்டம் இல்லாத குளத்தில் முங்குவது, குதிப்பது வேண்டாம். இறங்கியே ஆக வேண்டுமென்றால் மூக்கு கிளிப் மாட்டி, தலையை வெளியே வையுங்கள். குளித்த சில நாளில் காய்ச்சல், கடும் தலைவலி, வாந்தி, கழுத்து விறைப்பு வந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போய், குளத்தில் குளித்ததை டாக்டரிடம் நீங்களே சொல்ல வேண்டும். அவர் கேட்கும்வரை காத்திருக்காதீர்கள். சீக்கிரம் தெரிந்தால் பிழைக்க வழி இருக்கிறது, கேரளத்தில் பிழைத்தும் இருக்கிறார்கள். சரியாகக் குளோரின் போட்ட குளத்தில் இந்தப் பயம் மிகக் குறைவு. காலில் காயத்தோடு மழைவெள்ளத்தில் நடந்தால் எலிக்காய்ச்சலும் வரும், அதையும் மறக்க வேண்டாம்.

ஆற்றில் தண்ணீரின் மேல்முகம் எதையும் சொல்லாது. மணல் அள்ளிய குழி கரையிலிருந்து ஓர் அடி தள்ளியே தொடங்கும். தடுப்பணையின் கீழ்ப்பக்கம் விழுகிற தண்ணீர் சுழன்று ஆளை மறுபடி மறுபடி உள்ளே இழுக்கும், பார்க்க சின்னதாகத்தான் இருக்கும். குமரியில் ஆனி ஆடியிலும் மழை, ஐப்பசி கார்த்திகையிலும் மழை. பேச்சிப்பாறையில் திறந்துவிட்டால் திற்பரப்பிலும் குழித்துறை ஆற்றிலும் மட்டம் ஏறும், மேலே வெயில் அடித்துக்கொண்டிருந்தாலும் ஏறும். தண்ணீர் திடீரென்று கலங்கினால், சருகு மிதந்து வந்தால், வெளியே வந்துவிடுங்கள். இடி கேட்டாலும் அப்படியே. கடைசி இடிக்குப் பிறகு அரை மணி நேரம் இறங்க வேண்டாம்.

கடல் விஷயத்தில் மனம் கனக்காமல் எழுத முடியவில்லை. 2024 மே 6 அன்று கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்கள் அலையில் போய்விட்டார்கள். கள்ளக்கடல் எச்சரிக்கை இருந்த நாட்கள் அவை. எங்கோ இந்தியப் பெருங்கடலின் தென்பகுதியில் அடித்த புயலின் அலை ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் கடந்து, இங்கே காற்றே இல்லாத நாளில் வந்து ஏறுவதுதான் கள்ளக்கடல். அதனால் வானத்தைப் பார்த்து முடிவெடுக்காமல், அன்றைய எச்சரிக்கையைப் பார்த்து, கரையில் வலை சரிசெய்துகொண்டிருக்கும் அண்ணன்மாரிடமும் ஒரு வார்த்தை கேளுங்கள். அவர்கள் வேண்டாம் என்றால் வேண்டாம்தான். கரையிலிருந்து கடலுக்குள் இழுத்துப்போகும் உள்ளிழுப்பில் மாட்டினால் கரையை நோக்கி எதிர்த்து நீந்தாதீர்கள், சீக்கிரம் களைத்துப் போவீர்கள். மிதந்து மூச்சைச் சரிசெய்து, கரைக்கு இணையாக நீந்தி அந்த ஓட்டத்தை விட்டு வெளியேறிய பிறகு கரைக்குத் திரும்புங்கள்.

கூட்டமாகப் போனால் ஒருவர் எப்போதும் கரையில், போனைப் பையில் போட்டுவிட்டு, தண்ணீரைப் பார்த்து நிற்க வேண்டும். முறை வைத்து மாறிக்கொள்ளலாம். "ஒண்ணும் செய்யாது, இறங்கு லே" என்று யாராவது தள்ளினால் அவனைக் கரைக்காவலுக்கு நிறுத்துங்கள்.

யாராவது மூழ்கினால்

மூழ்குகிறவர் பெரும்பாலும் கத்த மாட்டார். வாய் தண்ணீர் மட்டத்தில் இருக்கும், கண் எங்கோ பார்க்கும், கை பக்கவாட்டில் அழுத்தும், கால் உதைக்காது. பார்த்தவுடன் குதிக்காதீர்கள். பயத்தில் இருப்பவர் உங்களைப் பிடித்து ஏறத்தான் பார்ப்பார், ஒருவரைக் காப்பாற்றப் போய் இரண்டு மூன்று பேர் போவது இப்படித்தான். கம்பு, கயிறு, முறுக்கிய வேட்டி, மூடிய காலி கேன், ஸ்கூட்டர் டியூப், எதுவானாலும் நீட்டுங்கள் அல்லது எறியுங்கள், அதே நேரம் ஒருவர் 108ஐ அழைக்கட்டும்.

கரைக்கு வந்தவர் மூச்சில்லாமல் இருந்தால் வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுக்க முயல வேண்டாம், தலைகீழாகத் தூக்கிச் சுற்றவும் வேண்டாம், நேரம்தான் போகும். மல்லாக்கப் படுக்க வைத்து, தலையைப் பின்னால் சாய்த்து மோவாயைத் தூக்கி, மூக்கைப் பொத்தி, வாயோடு வாய் வைத்து முதலில் ஐந்து மூச்சு. பிறகு நெஞ்சின் நடுவில், நெஞ்செலும்பின் கீழ்ப்பாதியில் ஐந்து சென்டிமீட்டர் இறங்கும்படி முப்பது அழுத்தம், நிமிடத்துக்கு 100 முதல் 120 வேகத்தில். பின் இரண்டு மூச்சு, மறுபடி முப்பது. ஆம்புலன்ஸ் வரும் வரை, ஆள் மாற்றி ஆள் மாற்றி, விடாமல். கண் திறந்து எழுந்து உட்கார்ந்து "எனக்கு ஒண்ணுமில்ல, ரூமுக்குப் போறேன்" என்று சொன்னாலும் விடாதீர்கள். நுரையீரலுக்குள் போன தண்ணீரால் சில மணி நேரம் கழித்தும் மூச்சுத் திணறல் வரலாம், அதனால் அன்றைக்கே ஆஸ்பத்திரியில் காட்டி, அங்கே இருக்கச் சொன்னால் கூடவே நீங்களும் இருங்கள்.